மிஷனரி வீட்டில் அடுப்பு மூட்டியவர்கள்

மிஷனரிகளைப் பற்றி நமக்கு இரண்டு கதைகள் சொல்லப்பட்டு வருகின்றன. கோதுமையும் பால்பவுடரும் கொடுத்துச் சேரி மக்களை மதம் மாற்றினார்கள் என்பது ஒன்று. இதை இந்துத்துவர்கள் சொல்கிறார்கள். கடல் கடந்து வந்து, இருளில் கிடந்த மக்களைக் கைதூக்கிவிட்டார்கள் என்பது மற்றொன்று. இதைத் திருச்சபைகளின் ஆண்டுவிழா மலர்களில் படிக்கலாம். இரண்டும் எதிரெதிர்க் கதைகள் போலத் தெரிந்தாலும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. இரண்டிலும் கொடுப்பவர் வெள்ளைக்காரர், கைநீட்டி வாங்குபவர் நாம்.

இந்த இரண்டு கதைகளையும் ஒதுக்கிவிட்டு வேறொரு கேள்வியிலிருந்து தொடங்கலாம். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், மொழி தெரியாத, வெயில் தாங்காத, உறவு என்று ஒருவரும் இல்லாத ஊரில் வந்து இறங்கியபோது அவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டது யார்? பிள்ளையைத் தூங்க வைத்தது யார்? சந்தைக்குப் போய்ப் பேரம் பேசியது யார்? வாசல் பக்கத்திலிருந்து பார்த்தால் மிஷனரி வரலாறு ஒரு மாதிரி தெரியும். கொல்லைப்புறத்திலிருந்து பார்த்தால் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்ற கணக்கே மாறிவிடும்.

கப்பலில் வந்த குடும்பங்கள்

1819 ஜூன் 8-ஆம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘இண்டஸ்’ என்ற கப்பல் புறப்பட்டது. அதில் மைரன் வின்ஸ்லோவும் அவர் மனைவி ஹாரியட்டும் இருந்தார்கள். நியூயார்க்கில் மருத்துவத் தொழில் செய்துவந்த ஜான் ஸ்கடர், அவர் மனைவி (அவர் பெயரும் ஹாரியட்தான்), அவர்களுடைய சிறு மகள் ஆகியோரும் இருந்தார்கள். கல்கத்தாவில் இறங்கிய சில நாட்களிலேயே ஸ்கடர் தம்பதி அந்த மகளை மண்ணில் புதைக்க வேண்டிவந்தது. இவர்கள் யாழ்ப்பாணத்துக்குப் போய் அமெரிக்க மிஷனில் சேர்ந்தார்கள். ஹாரியட் வின்ஸ்லோ 1824-இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். 1833-இல் அங்கேயே இறந்தார்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதியில் வெளிநாட்டார் தங்குவதற்கு இருந்த தடைகளை 1833-ஆம் ஆண்டின் சாசனச் சட்டம் தளர்த்தியது. அதன் பிறகு, 1836-இல், வின்ஸ்லோவும் ஸ்கடரும் மதராசுக்குக் குடிபெயர்ந்தார்கள். வின்ஸ்லோவின் பணி சிந்தாதிரிப்பேட்டையில் அமைந்தது. 1849-இல் அவருடைய மகள் ஹாரியட், தன் கணவர் ஜான் வெல்ஷ் டல்லஸுடன் மதராசுக்கு மிஷனரியாக வந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, படிப்புக்காக அமெரிக்காவுக்குக் கப்பலேற்றப்பட்டுத் திரும்பி வந்தவர் அவர். கணவருக்குத்தான் இது அந்நிய நாடு. அவருக்கு அப்படியல்ல. உடல்நலக் குறைவால் 1853-இல் டல்லஸ் அமெரிக்கா திரும்பினார். மதராஸ் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய ‘லைஃப் இன் இந்தியா’ 1855-இல் அச்சானது. பின்னாளில் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸும் சி.ஐ.ஏ. இயக்குநராக இருந்த ஆலன் டல்லஸும் இந்தத் தம்பதியின் பேரன்கள். வாஷிங்டனின் அதிகார மையத்துக்குப் போன ஒரு குடும்பத்தின் வேரில் ஒரு இழை நம் சிந்தாதிரிப்பேட்டையில் இருக்கிறது.

இவர்கள் யாரும் சொகுசு தேடி வந்தவர்கள் இல்லை. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பிள்ளைகளைப் புதைத்தார்கள். உயிரோடு இருந்தவர்களை ஏழெட்டு வயதில் கப்பலேற்றிப் பிரிந்தார்கள். ஹாரியட் ஸ்கடர் 1849-இல் மதராசில் இறந்தார். அந்தத் துயரம் உண்மை. அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு உண்மையும் உண்டு. இத்தனை இழப்புக்கு நடுவிலும் அவர்களால் தொடர்ந்து வாழவும் வேலை பார்க்கவும் முடிந்ததென்றால், அந்த வாழ்க்கையைத் தினமும் தாங்கிப் பிடித்த கைகள் இருந்தன.

கரையேற்றிய கைகள், வீடு நடத்திய கைகள்

அன்றைய மதராசில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகில்தான் கரைக்கு வர வேண்டும். அலைமேல் அலை வந்து மோதும் அந்தக் கரையில் ஆங்கிலேயரின் சிறுபடகுகள் கவிழ்ந்துவிடும். துடுப்புப் போட்டு, அலையின் ஏற்ற இறக்கம் பார்த்து, துரைசாணிகளையும் குழந்தைகளையும் தூக்கி மணலில் இறக்கி விட்டவர்கள் நம் மீனவர்கள். அந்நிய நாட்டில் மிஷனரிக் குடும்பம் நம்பி ஏறிய முதல் தோள் அவர்களுடையது.

கரையேறிய பிறகு வீடு. சுண்ணாம்புச் சுவரும் அகன்ற தாழ்வாரமும் சுற்றிலும் தோட்டமும் கொண்ட வாடகை வீடுகள். அதை நடத்த ஒரு பட்டாளம் தேவைப்பட்டது. வீட்டுப் பொறுப்பைக் கவனிக்க பட்லர், குசினியில் சமையல்காரர், மேசையையும் விளக்கையும் பார்க்க மேட்டி, பிள்ளைகளுக்கு ஆயா, கிணற்றிலிருந்து நீர் சுமக்கத் தண்ணீர்க்காரர், குதிரைக்காரர், வண்ணார், கழிவைச் சுமக்கத் தோட்டி, பங்கா இழுக்க ஒருவர். சம்பளம் குறைவாக வாங்கிய மிஷனரி வீட்டில்கூட இந்தப் பட்டியல் கொஞ்சம் சுருங்குமே தவிர மறைந்துவிடாது.

ஐரோப்பியர் இதைப் பார்த்து இந்தியர்களின் சோம்பல் என்றார்கள். ஒருவர் செய்கிற வேலையை இன்னொருவர் தொடமாட்டேன் என்கிறாரே என்று சலித்துக்கொண்டார்கள். ஆனால் அது சோம்பல் அல்ல, சாதி. வேலை பிரிக்கப்படுவதற்கு முன்பே வேலை செய்பவர்கள் பிரிக்கப்பட்டிருந்த சமூகம் இது. அண்ணல் அம்பேத்கர் சாதியை வெறும் வேலைப்பிரிவினை அல்ல, வேலை செய்பவர்களின் பிரிவினை என்று விளக்கியதன் பொருளை ஒரு மதராஸ் பங்களாவின் சம்பளக் கணக்கிலேயே பார்க்கலாம்.

அடுப்பும் சாதி பார்த்தது

இந்தப் பட்டியலில் குசினிக்கு யார் வந்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். தமிழகத்திலும் மைசூர்ப் பகுதியிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். பூட்ஸுக்கு மெருகு போடுவது, சிறுநீர்ப் பாத்திரத்தைக் கழுவுவது போன்ற வேலைகளுக்குச் சூத்திரச் சாதிகளிலிருந்துகூட ஆள் கிடைப்பது அரிது. மாட்டிறைச்சியைத் தொட வேண்டியிருப்பதால் சமையலுக்கு எந்தச் சாதி இந்துவும் வரமாட்டார். அதனால் ஐரோப்பியர்கள் பறையர்களையே வேலைக்கு வைக்க வேண்டியிருந்தது. அப்படி வைத்ததாலேயே சாதி இந்துக்களின் கண்ணில் ஐரோப்பியரும் தாழ்ந்துபோனார்கள். துபுவா நமக்கு நண்பர் அல்ல. பறையர்களைப் பற்றி அவர் எழுதியதில் வெறுப்பு நிறையவே உண்டு. அப்படிப்பட்டவரே ஒப்புக்கொண்ட உண்மை இது என்பதால்தான் எடுத்துக்காட்டுகிறேன்.

இதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பு மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் இராபர்ட் டி நொபிலி இந்தக் கணக்கை நன்றாகப் புரிந்துகொண்டவர். 1606-இல் வந்த அவர், மேல்சாதியினரை ஈர்ப்பதற்காகக் காவியுடுத்தினார், இறைச்சியை விட்டார், பார்ப்பனச் சமையல்காரரை வைத்துக்கொண்டார். தீண்டப்படாதாரோடு பழகிய மற்ற பாதிரியாரிடமிருந்து விலகி வாழ்ந்தார். பிறகு 1640-இல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கென்று ‘பண்டாரசாமிகள்’ என்ற தனிப் பாதிரியார் பிரிவே உருவானது. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனிலும் தொடக்க காலத்தில் வெள்ளாளப் பிள்ளைகள் மிஷன் வளவுக்குள் உண்ண மறுத்தார்கள். அவர்களுக்காக வளவுக்கு வெளியே தனிச் சமையலிடம் ஏற்பாடு செய்யப்பட்டது.

ஆக, வெளிநாட்டுக் குடும்பம் ஒன்று இங்கே வந்து அடுப்பு மூட்டியபோதே சாதிக்குள் தனக்கான இடத்தையும் தேர்ந்தெடுத்துவிட்டது. யார் கையால் சாப்பிடுகிறாய் என்பதைப் பார்த்துத்தான் இந்தச் சமூகம் நீ யார் என்று முடிவு செய்தது.

நம் மக்களின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். கிராமத்தில் படியாளாக இருந்தால் கூலி நெல்லாக வரும், கடன் தலைமுறைக்கும் வரும். பட்டணத்துப் பங்களாவில் சம்பளம் காசாக வந்தது. வேலை பிடிக்காவிட்டால் வேறு துரையிடம் போகலாம். போகும்போது நற்சான்றுக் கடிதம் ஒன்றை வாங்கிக்கொண்டு போகலாம். துரை வீட்டு வேலை சமத்துவம் அல்ல. அங்கேயும் அடி உண்டு, வசவு உண்டு, இன இழிவு உண்டு. ஆனாலும் அது ஊர்க்கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த ஒரு வாசல். அந்த வாசலைத் திறந்துவிட்டவர்கள் என்று மிஷனரிகளை மட்டும் பேசுகிறோம். திறந்த வாசலைக் கண்டுபிடித்துக் கிராமத்தை விட்டு நடந்துவந்தவர்களின் துணிச்சலை நாம் பேசுவதில்லை.

பெயர் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும்

வின்ஸ்லோவின் தமிழ்–ஆங்கில அகராதி 1862-இல் மதராசில் அச்சானது. 67,000-க்கும் மேற்பட்ட சொற்கள். அமெரிக்க மிஷன் அச்சகத்தின் ஹன்ட் அதற்காக அழகிய எழுத்துகளை உருவாக்கினார். யாழ்ப்பாணத்திலும் மதராசிலும் உழைத்த தமிழ்ப் பண்டிதர்களின் பங்கு அதில் பெரியது. அவர்களைத் தமிழ் இலக்கிய வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. அது நியாயம்தான்.

ஆனால் ஒரு வெளிநாட்டுக் குடும்பம் தமிழைப் பண்டிதரிடம் மட்டுமா கற்றது? காலையில் பண்டிதர் வந்து நன்னூல் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். பகல் முழுவதும் ‘உப்பு’, ‘விறகு’, ‘காய்ச்சல்’, ‘நாளைக்கு வா’ என்று புழங்கிய தமிழ் குசினியிலும் ஆயாவின் மடியிலும் இருந்தது. மிஷனரிப் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு முன்பாகத் தமிழ் பேசத் தொடங்கிவிடுகிறார்கள் என்பது அன்றைய பெற்றோர்களின் வழக்கமான கவலை. அந்தத் தமிழைக் கற்றுக்கொடுத்த ஆயாக்களுக்கு எந்த முன்னுரையிலும் நன்றி இல்லை.

‘வேலைக்காரருக்கு அறிவுலகில் என்ன இடம்?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்லலாம்: கந்தப்பன். அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார். ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். தன் பாட்டனார் பாதுகாத்து வைத்திருந்த திருக்குறள் ஓலைச்சுவடிதான் துரை வழியாக எல்லிஸின் கைக்குப் போய் அச்சுக்கு வழிவகுத்தது என்று அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். திராவிட மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து வேறுபட்டவை என்பதை 1816-இலேயே எடுத்துக்காட்டிய அதே எல்லிஸ்தான் இவர். துரைக்கு மேசை போட்டவர் வீட்டில் குறள் சுவடி இருந்தது. ‘வாங்குபவர்’ என்று நமக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் கந்தப்பனை உட்கார வைக்க முடியாது. அவர் கொடுத்தவர்.

கந்தப்பனின் பெயர் நமக்குத் தெரிவதற்குக் காரணம் ஒன்றுதான். அவருடைய பேரன் எழுதினார், பத்திரிகை நடத்தினார். 1907-இல் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்திராவிட்டால், கந்தப்பனும் எத்தனையோ பட்லர்களில் ஒருவராகக் கரைந்துபோயிருப்பார்.

சோறு சோதனையானபோது

வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு அன்றாட உணவாக இருந்த அந்தச் சோறு, திருச்சபைக்குள் ஒரு பெரிய சண்டைக்குக் காரணமானது. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள், பலர் ஆலயத்தைவிட்டே வெளியேறினார்கள். தனி இருக்கையும் தனிக் கிண்ணமும் இல்லாத நற்கருணை அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

1847-இல் மதுரை அமெரிக்க மிஷன், எல்லாச் சாதியினரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் ‘அன்பின் விருந்தை’க் கட்டாயமாக்கியது. பல உபதேசியார்கள் வேலையை விட்டாலும் விடுவோம், சாதியை விடமாட்டோம் என்று விலகினார்கள். 1850-இல் மதராஸ் மிஷனரி மாநாடு இன்னும் ஒரு படி மேலே போனது. சாதியைத் துறந்ததற்கு அடையாளமாகப் பறையர் சமைத்த உணவை உண்ணத் தயாராக இல்லாதவரை ஏற்கக் கூடாது என்று முடிவெடுத்தது. லைப்சிக் லுத்தரன் மிஷன் இதற்கு உடன்படவில்லை. சாதி சமூக வழக்கம்தான், மெல்ல மெல்லப் போகும் என்பது அவர்கள் வாதம். ‘மெல்ல மெல்ல’ என்ற சொல்லை நாம் இன்றும் எத்தனை மேடைகளில் கேட்கிறோம்!

1850-ஆம் ஆண்டின் அந்த முடிவு தைரியமானது. அதைத் தயங்காமல் பாராட்டலாம். ஆனால் அதன் உள்ளே இருக்கும் கோணலையும் கவனியுங்கள். சமைத்த பறையர் அங்கே மனிதராக இல்லை, ஓர் அளவுகோலாக இருக்கிறார். சாதி இந்து மாறினாரா என்று சோதிக்க அவருடைய சோறு பயன்படுகிறது. அவருக்கு என்ன வேண்டும் என்று அந்தத் தீர்மானம் கேட்கவில்லை. ஒரு வேளை விருந்து உண்டுவிட்டுத் திருமணத்தையும் கல்லறையையும் சாதிக்குள் வைத்துக்கொள்ள முடியும் என்பதையும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவே எழுப்பப்பட்ட சாதிச் சுவர் அதற்குச் சாட்சி.

நாமே போய்க் கதவைத் தட்டினோம்

நம்மைச் சோதனைப் பொருளாகவோ ஆத்தும எண்ணிக்கையாகவோ பார்த்தவர்களின் பார்வை மாறத் தொடங்கியது 1880-களிலும் 90-களிலும்தான். அதை மாற்றியது நம் மக்கள். மிஷனரிகள் பெரும்பாலும் மேல்சாதி மாணவர்களுக்கான கல்லூரிகளில் நம்பிக்கை வைத்திருந்த காலத்தில், செங்கல்பட்டு மாவட்டத்துச் சேரிகளிலிருந்து மக்கள் தாங்களே கூட்டமாகப் போய் அவர்கள் கதவைத் தட்டினார்கள். பள்ளிக்கூடம் வேண்டும், குடியிருக்க மனை வேண்டும், மிராசுதாரரின் பொய்வழக்கிலிருந்து காப்பாற்ற ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். ரூபா விஸ்வநாத் தன் ‘தி பறையா ப்ராப்ளம்’ நூலில் ஆவணங்களோடு இதை நிறுவியிருக்கிறார். மிஷனரி வலைவீசி மக்களைப் பிடித்தார் என்ற கதை இங்கே தலைகீழாகிறது.

ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கவுடி போன்றவர்கள் நிலப்பிரச்சினையைக் கையில் எடுத்தது அப்படித்தான். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் தயாரித்த அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30-இல் வந்த அரசாணை எண் 1010-உம் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. அதே ஆண்டுகளில்தான் அயோத்திதாசர் 1891 டிசம்பரில் நீலகிரியில் திராவிட மகாஜன சபை மாநாட்டைக் கூட்டினார், இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். ஆட்சியர் எழுதினார், மிஷனரி சாட்சி சொன்னார், சரி. ஆனால் பசியோடும் தெளிவோடும் கோரிக்கையை வைத்தவர்கள் யார் என்பதை வரிசையின் முதலில் எழுத வேண்டும்.

அடையாறிலும் இதுவே நடந்தது. பிரம்மஞான சபையின் அமெரிக்கர் கர்னல் ஆல்காட் மிஷனரி அல்ல, மிஷனரிகளின் எதிரி. அவரும் 1894-இல் அடையாறு பக்கம் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். 1898-இல் அயோத்திதாசரே அவரை அணுகி, இலங்கைக்குப் போய்ப் பவுத்தம் தழுவத் துணை கேட்டார். கிறிஸ்தவரோ பிரம்மஞானியோ, யாரிடம் எதை வாங்குவது, எதை மறுப்பது என்று நம் முன்னோர் கணக்குப் பார்த்தே முடிவு செய்தார்கள். இராயப்பேட்டை வெஸ்லி மிஷன் பள்ளியில் படித்த எம்.சி. இராஜா, அந்தக் கல்வியைக் கொண்டுபோய்ச் சட்டமன்றத்தில் நம் உரிமைக்காகப் பேசப் பயன்படுத்தினார்.

இன்று அந்தத் தெருக்களில்

1836-இல் ஒரு வெளிநாட்டுக் குடும்பத்துக்கு மதராசில் வாடகைக்கு வீடு கிடைத்தது. இன்று மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடையாறிலோ ஒரு தலித் குடும்பம் வீடு தேடிப் போனால் முதல் கேள்வி ‘நான்-வெஜ் சாப்பிடுவீங்களா?’ என்பதுதான். நேரடியாகச் சாதி கேட்க வெட்கப்படுகிறவர்கள் அடுப்பைக் கேட்கிறார்கள். டி நொபிலி காலத்துக் கேள்வி இன்னும் மாறவில்லை.

அதே அடுக்ககங்களில் சமைக்கவும் பெருக்கவும் பிள்ளை பார்க்கவும் காலை ஐந்தரை மணிக்குக் கண்ணகி நகரிலிருந்தும் செம்மஞ்சேரியிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் பெண்கள் பேருந்து ஏறுகிறார்கள். நகரத்தின் நடுவில், ஆற்றங்கரைகளில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களின் வீடுகளை இடித்துவிட்டு நகருக்கு வெளியே தூக்கிப் போட்டார்கள். உழைப்பு மட்டும் உள்ளே வர வேண்டும், உழைப்பவர் மாலையில் வெளியே போய்விட வேண்டும். இதுதான் நகரமயமாக்கப்பட்ட சேரி. வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கான நலவாரியம் தமிழ்நாட்டில் 2007-இல் வந்தது. அதில் பதிவு செய்திருக்கிறீர்களா என்று உங்கள் தெருவில் வேலைக்கு வரும் அக்காவிடம் கேட்டிருக்கிறீர்களா?

வரலாறு படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். மிஷனரிகளின் கடிதங்களும் நினைவுக்குறிப்புகளும் நூலகங்களிலும் இணையத்திலும் ஏராளமாகக் கிடைக்கின்றன. எடுத்துப் படியுங்கள். மதம் மாறியவர்களின் எண்ணிக்கையை மட்டும் தேடாதீர்கள். ‘எங்கள் சமையல்காரர்’, ‘எங்கள் ஆயா’ என்று வரும் இடங்களில் கோடு போடுங்கள். பெயர் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இல்லை என்பதையும் குறியுங்கள். அடுத்து உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் போங்கள். பாட்டனோ பூட்டனோ துரை வீட்டில் பட்லராக, ஆயாவாக, குதிரைக்காரராக இருந்தார்களா, எந்தத் தெருவில், என்ன சம்பளத்துக்கு, என்ன பாஷை பேசினார்கள், அந்தச் சம்பளத்தில் யாரைப் படிக்க வைத்தார்கள் என்று கேளுங்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் பழைய நற்சான்றுக் கடிதம் ஒன்று கிடைத்தாலும் கிடைக்கும். படம் எடுத்து வையுங்கள். கந்தப்பனுக்கு ஒரு பேரன் கிடைத்தார். மற்றவர்களுக்கு நாம்தான் பேரப்பிள்ளைகள்.